பென்னிகுவிக்: தெய்வங்களின் கணக்கில் ஓர் இன்ஜினீயர் சேர்ந்தது எப்படி?

ஜனவரி 15 அன்று தேனி பக்கத்து பாலார்பட்டிக்குப் போனால், பொங்கல் பானைக்கு முன்னால் மாலை போட்ட ஒரு வெள்ளைக்காரரின் படம் இருக்கும். பெரிய மீசை, பட்டாளத்துக்காரர் தோரணை. பாலார்பட்டியில் மட்டும் இல்லை. சுருளிப்பட்டி, கூடலூர், கம்பம், உத்தமபாளையம் என்று பள்ளத்தாக்கு முழுக்க டீக்கடையிலும் உரக்கடையிலும் வீட்டு பூஜை அறையிலும் இவரைப் பார்க்கலாம். தேனி புது பஸ் ஸ்டாண்டுக்கு இவர் பேர்தான். பிள்ளைகளுக்கும் இவர் பேரை வைத்திருக்கிறார்கள்.

கர்னல் ஜான் பென்னிகுவிக், முல்லைப் பெரியாறு அணையைக் கட்டியவர். அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் அரசாங்கச் சம்பளம் வாங்கிய ஒரு இன்ஜினீயர். அற்புதம் செய்ததாகவோ கடவுள் தன்னிடம் பேசியதாகவோ அவர் சொல்லிக்கொண்டதில்லை. அப்புறம் எப்படி சாமி படத்துக்குப் பக்கத்தில் வந்தார்? அவரை அங்கே சேர்த்தது யார், எந்தக் கணக்கில்?

48 ஆண்கள், 7 பெண்கள்

யாரை இந்தக் கணக்கில் சேர்ப்பது என்ற கேள்வியை வாய்வழக்கோடு விடாமல், எழுதிவைத்தே விவாதித்த மரபு ஒன்று உண்டு. யூத மரபு. அங்கே கேள்வி, யார் தீர்க்கதரிசி என்பது. கம்பம் பள்ளத்தாக்குக்கு இந்தச் சொல் புதுசு இல்லை. புராட்டஸ்டன்ட் சர்ச்சில் தீர்க்கதரிசி, கத்தோலிக்கக் கோயிலில் இறைவாக்கினர், உத்தமபாளையம் பள்ளிவாசலில் நபி என்று ஒரே ஊர்ப்பக்கம் மூன்று சொல் புழங்குகிறது.

யூதர்களின் தால்முத் சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்டது. அதில் ஒரு எண்ணிக்கை வருகிறது: 48 ஆண்கள், 7 பெண்கள். பெண்கள் யார் யார் என்று பேரே இருக்கிறது. சாராள், மிரியாம், தெபொராள், அன்னாள், அபிகாயில், உல்தாள், எஸ்தர். ஆனால் உண்மையில் இருந்த தீர்க்கதரிசிகள் இத்தனை பேர்தானா என்றால், இல்லை, பல லட்சம் பேர் இருந்தார்கள் என்கிறது அதே பகுதி. பிறகு ஏன் 55 பேர் மட்டும்? வரப்போகிற தலைமுறைகளுக்கும் யாருடைய செய்தி தேவைப்பட்டதோ அதை மட்டும் எழுதிவைத்தார்கள். அந்த நாளோடு முடிந்துபோன செய்தியை எழுதவில்லை. அளவுகோல் அவ்வளவுதான்.

இந்த அளவுகோலில் சில ஆச்சரியங்களும் உண்டு. சிங்கக் குகையில் போடப்பட்ட தானியேலை கிறிஸ்தவர்கள் பெரிய தீர்க்கதரிசி என்கிறார்கள். யூத வேதாகமத்தில் அவர் புத்தகம் தீர்க்கதரிசிகள் பகுதியிலேயே இல்லை. தரிசனம் கண்டவர்தான், ஆனால் மக்களிடம் போய்ச் சொல்லும்படி அனுப்பப்பட்டவர் இல்லை என்பது ரபிகள் தரும் விளக்கம். அதாவது எதிர்காலத்தைப் பார்ப்பது மட்டும் போதாது, ஆள் தூதராக இருக்க வேண்டும். ஆகாய், சகரியா, மல்கியாவோடு இந்தப் பட்டியலை மூடியும் விட்டார்கள். அதற்கப்புறம் யார் வந்து சொன்னாலும் ஞானி என்பார்கள், நீதிமான் என்பார்கள், தீர்க்கதரிசி என்று சொல்ல மாட்டார்கள்.

நம்ம ஊர் வழக்கம் இதற்கு நேர் எதிர். தென் மாவட்டங்களில் தெய்வப் பட்டியல் எப்போதும் திறந்தே கிடக்கும். கண்மாயைக் காக்கப் போய் செத்தவர், மாடு திருட வந்தவர்களோடு மல்லுக்கட்டி மாண்டவர், அநியாயமாகக் கொல்லப்பட்ட பெண் என்று யாரும் கல்லாக நின்று, குலதெய்வமாகலாம். முடிவு செய்ய குழு எதுவும் கிடையாது. கும்பிட ஆள் இருந்தால் சாமி. வெள்ளைக்காரரும் இதில் விலக்கில்லை. திருநெல்வேலிச் சீமையில் செத்துப்போன ஓர் ஆங்கிலேய அதிகாரிக்கு சாராயமும் சுருட்டும் வைத்துப் படைத்ததை கால்டுவெல் பதிவு செய்திருக்கிறார். அது பயத்தில் வந்த படையல். பென்னிகுவிக் விஷயம் அப்படி அல்ல.

எட்டு வயதில் அப்பா இல்லை

ஜான் பென்னிகுவிக் 1841 ஜனவரி 15 அன்று புனேயில் பிறந்தவர். அப்பா பேரும் ஜான் பென்னிகுவிக்தான், பிரிட்டிஷ் படையில் பிரிகேடியர். 1849 ஜனவரி 13 அன்று, இரண்டாம் ஆங்கிலேய–சீக்கியப் போரின் சில்லியன்வாலா சண்டையில் அப்பா கொல்லப்பட்டார். அதே சண்டையில், அதே நாளில், அண்ணன் அலெக்சாண்டரும் இறந்தார். அண்ணனுக்கு வயது 17. நம்மவருக்கு எட்டு வயது நிறைய இன்னும் இரண்டே நாள்.

அதற்குப் பிறகு செல்ட்டன்ஹாம் கல்லூரி, அடிஸ்கோம்ப் ராணுவக் கல்லூரி, 1858-ல் மெட்ராஸ் இன்ஜினீயர்ஸ் படைப்பிரிவில் லெப்டினன்ட் பதவி. 1860-ல் இந்தியா வந்தார். இடையில் அபிசீனியப் படையெடுப்புக்கும் போய்விட்டு வந்தார். 1879-ல் கிரேஸ் ஜார்ஜியானா சாமியரைக் கல்யாணம் செய்துகொண்டார். பொதுப்பணித் துறையில் படிப்படியாக உயர்ந்தார். இதுவரை பார்த்தால் அந்தக் காலத்து ராணுவ இன்ஜினீயர் எவருக்கும் இருக்கக்கூடிய வாழ்க்கைதான். 1882-ல் பெரியாறு திட்டத்தை மறுபடி ஆராய்ந்து வரைவு தயாரிக்கும் வேலை அவரிடம் வந்தது.

திட்டத்தை யோசித்தது பென்னிகுவிக் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அவருக்கு கிட்டத்தட்ட நூறு வருஷம் முன்னாடியே, 1789-ல், ராமநாதபுரம் சமஸ்தான மந்திரி முத்திருளப்ப பிள்ளை, பெரியாற்றுத் தண்ணீரைக் கிழக்கே திருப்ப முடியுமா என்று பார்த்துவர 12 பேரை மலைக்கு அனுப்பினார். முடியும் என்று தெரிந்தது. கையில் பணம் இல்லை. 1808-ல் ஜேம்ஸ் கால்டுவெல் என்கிற ராணுவ அதிகாரி (மேலே சொன்ன பாதிரியார் அல்ல) போய் ஆராய்ந்து, இது வெறும் கனவு என்று எழுதிவிட்டு வந்தார். 1850-ல் சின்னதாக ஓர் அணை கட்டத் தொடங்கி, காய்ச்சலிலும் கூலித் தகராறிலும் கைவிட்டார்கள். 1860-களில் மேஜர் ரைவ்ஸ் ஒரு வரைவு போட்டார், அது மண் அணை. பிறகு தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை மதுரைச் சீமையில் ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். கோப்பு மறுபடி எழுந்தது அதற்கு அப்புறம்தான்.

மேற்கே ஓடுற ஆற்றை கிழக்கே திருப்புவது எப்படி?

மேற்குத் தொடர்ச்சி மலையில் கேரளப் பக்கம் பெய்கிற மழையில் பாதி கூட நம்ம பக்கம் விழுவதில்லை. பெரியாறு அந்த மழையை வாங்கிக்கொண்டு மேற்கே போய் அரபிக்கடலில் விழுகிறது. மலைக்கு இந்தப் பக்கம் வைகை, பாதி வருஷம் வெறும் மணல்.

ஆற்றைக் குறுக்கே மறித்தால் தண்ணீர் பின்னால் ஏறித் தேங்கும். தேங்கிய நீர் கிழக்கே தேக்கடி பக்கம் மலைமுகட்டின் ஓரம் வரைக்கும் வந்து நிற்கும். அங்கே மலையைக் குடைந்து ஒரு சுரங்கம் போட்டால், தண்ணீர் தன் எடையிலேயே இந்தப் பக்கம் இறங்கிவிடும். மோட்டார் கிடையாது, பம்ப் கிடையாது. சுரங்கத்தின் நீளம் சுமார் 5,700 அடி. இறங்கிய நீர் வைரவனாற்றில் சேர்ந்து, சுருளியாறு வழியாக வைகைக்குப் போகும். சுரங்கத்துக்குத் தண்ணீர் எடுக்கும் மட்டம் 104 அடி. அணையில் அதற்குக் கீழே எவ்வளவு நீர் இருந்தாலும் நமக்கு வராது. நாளிதழில் அணை நீர்மட்டத்தை தேனிக்காரர்கள் ஏன் அப்படிப் பார்க்கிறார்கள் என்றால் இதனால்தான்.

அணை சுமார் 1,200 அடி நீளம், ஆற்றுப் படுகையிலிருந்து 155 அடி உயரம். சிமென்ட் இல்லை, சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த கான்கிரீட், முகப்பில் கல்கட்டு. சுர்க்கி என்றால் சுட்ட செங்கல் பொடி. தன் எடையாலேயே தண்ணீரைத் தாங்கி நிற்கிற அணை.

நிலம் திருவிதாங்கூருடையது. அவர்கள் சும்மா தரவில்லை, பேச்சுவார்த்தை வருஷக்கணக்கில் இழுத்தது. கடைசியில் 1886 அக்டோபர் 29 அன்று ஒப்பந்தம். சுமார் 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய், 999 வருஷக் குத்தகை. ஆண்டுக்கு 40,000 ரூபாய். 1970-ல் இது ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்ந்தது.

1887-ல் வேலை தொடங்கியது. அந்தக் காட்டில் பாதை கிடையாது. யானை, அட்டை, மலேரியா. வருஷத்தில் சில மாதம் மழையிலும் காய்ச்சலிலும் ஆள் நிற்கவே முடியாது, எல்லோரும் கீழே இறங்கிவிட வேண்டும். திரும்பி ஏறினால், போன வருஷம் போட்ட தற்காலிகத் தடுப்பை வெள்ளம் கொண்டுபோயிருக்கும். மறுபடி போடுவார்கள். ஒருமுறை அல்ல, திரும்பத் திரும்ப இதே கதை. லோயர் கேம்ப் என்ற ஊர்ப்பேர் அந்தக் காலத்து முகாமின் மிச்சம். 1895 அக்டோபர் 10 அன்று சென்னை மாகாண கவர்னர் வென்லாக் பிரபு அணையைத் திறந்துவைத்தார். அதே ஆண்டு பென்னிகுவிக்குக்கு சி.எஸ்.ஐ. பட்டம் கிடைத்தது.

பிறகு அவர் இந்தியாவில் அதிகம் இருக்கவில்லை. 1896 முதல் 1899 வரை இங்கிலாந்தில் கூப்பர்ஸ் ஹில் இன்ஜினீயரிங் கல்லூரியின் தலைவர். பிரிஸ்பேன் ஆற்று வெள்ளத்தைத் தடுக்க யோசனை சொல்ல ஆஸ்திரேலியாவுக்குப் போனார். 1911 மார்ச் 9 அன்று கேம்பர்லியில் காலமானார். பக்கத்தில் பிரிம்லி தேவாலயத்தில் கல்லறை இருக்கிறது.

சொத்தை விற்றாரா?

கம்பத்தில் யாரைக் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்வார்கள். பாதி கட்டிய அணையை வெள்ளம் அடித்துப்போனது, பிரிட்டிஷ் அரசாங்கம் இனி காசு தர முடியாது என்று கையை விரித்தது, பென்னிகுவிக் ஊருக்குப் போய் தன் சொத்தையும் மனைவி நகையையும் விற்று வந்து அணையை முடித்தார். பாடத்திலும் மேடையிலும் வாட்ஸ்ஆப்பிலும் இதுதான்.

இதற்கு ஆவணச் சான்று எதுவும் இதுவரை வெளிவரவில்லை. கட்டுமானச் செலவு சென்னை மாகாண அரசின் கணக்கில் நடந்தது. திட்டத்தில் வேலை பார்த்த இன்ஜினீயர் மெக்கன்சி 1899-லேயே பெரியாறு திட்டத்தின் வரலாற்றை ஒரு தனிப் புத்தகமாக எழுதி வைத்திருக்கிறார். அதுபோக, ஒரு அரசு அதிகாரி சொந்தக் காசை அரசுத் திட்டத்தில் போடுவது அன்றைய பொதுப்பணித் துறை நடைமுறையில் எளிதாக நடக்கக்கூடியதும் அல்ல.

நம்பிக்கை ஆவணத்தைத் தாண்டி ஓடுவது இந்த விஷயத்தில் அடிக்கடி நடக்கிறது. 2021-ல் மதுரையில் கலைஞர் நூலகத்துக்கு இடம் தேர்வானபோது, அங்கே இருந்த பொதுப்பணித் துறைக் கட்டடம் பென்னிகுவிக் வாழ்ந்த வீடு, இடிக்கக் கூடாது என்று பெரிய சர்ச்சை. கட்டடம் எழும்பியதே 1912-க்குப் பிறகு என்று அரசு விளக்கம் தந்தது. அவர் இறந்தது 1911-ல்.

சரி, ஆதாரம் இல்லாத கதை ஏன் இப்படி வேரூன்றியது? நாட்டார் தெய்வத்துக்கு ஒரு பலி வேண்டும் என்பது என் எண்ணம். எதையாவது இழந்தவர்தான் நம்ம ஊரில் சாமி. உயிரையோ, மானத்தையோ, குழந்தையையோ. சம்பளத்துக்கு வேலை பார்த்து, பென்ஷன் வாங்கி, எழுபது வயதில் படுக்கையில் இறந்தவரை அந்த வரிசையில் உட்கார வைக்க ஒரு இழப்பு தேவைப்பட்டிருக்கும். சொத்து விற்ற கதை அந்த இடத்தை நிரப்புகிறது.

யூத மரபில் இதே சிக்கலுக்கு வேறு ஒரு வழி பிடித்தார்கள். பாரசீக மன்னர் சைரஸை, தமிழ் பைபிள் கோரேஸ் என்று அழைக்கிறது. அவர் யூதர் அல்ல, அவர்கள் கடவுளை அறிந்தவரும் அல்ல, தன் பேரரசின் நன்மைக்காக ஆண்டவர். கி.மு. 539-ல் பாபிலோனைப் பிடித்து, அங்கே சிறைப்பட்டிருந்த யூதர்கள் ஊர் திரும்பி ஆலயம் கட்ட வழிவிட்டார். ஏசாயா புத்தகம் அவரை கடவுளால் அபிஷேகம் செய்யப்பட்டவர் என்றே அழைக்கிறது. யூத ராஜாக்களுக்குத் தருகிற அடைமொழி, ஓர் அன்னிய ராஜாவுக்கு. இத்தனை செய்தும் அவரைத் தீர்க்கதரிசிகள் பட்டியலில் சேர்க்கவில்லை, அவர் தியாகம் செய்ததாகக் கதை கட்டவும் இல்லை. அன்னியர், ஆள்பவர், ஆனாலும் அவரால் நமக்கு வாழ்வு வந்தது என்று உள்ளது உள்ளபடி எழுதிவைத்தார்கள்.

பென்னிகுவிக்கும் அன்னிய ஆட்சியின் அதிகாரிதான். அந்த ஆட்சி அணை கட்டியது கருணையால் மட்டும் அல்ல, பஞ்சத்தில் நிலவரி போனதும் ஒரு காரணம். இதையெல்லாம் சொன்னால் அவர் சின்னவராகிவிடுவாரா என்ன? நூறு வருஷமாக ஆளாளுக்குக் கைவிட்ட வேலையை 1882-ல் வாங்கி 13 வருஷம் விடாமல் பிடித்து முடித்தவர் என்பதற்கு ஆவணம் இருக்கிறது. தலைமுறைகளுக்குத் தேவைப்பட்டதா என்ற தால்முத் அளவுகோலைப் போட்டாலும் தேறிவிடுவார். கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் இருபோக நெல் இந்தத் தண்ணீரை நம்பி இருக்கிறது. அதைத் தாண்டி மதுரை, மேலூர், சிவகங்கை, ராமநாதபுரம் வரை பாசனமும் குடிநீரும்.

கதை இறுகியது எப்போது?

படம் வீட்டுக்குள் எப்போதோ வந்துவிட்டது. அரசாங்கம் அவரைக் கொண்டாட ஆரம்பித்ததற்கு வேறு சூழ்நிலை. அணையின் பாதுகாப்பு பற்றி கேரளம் கவலை எழுப்பியதால் 1979-க்குப் பிறகு நீர்மட்டம் 152 அடியிலிருந்து 136 அடிக்குக் குறைக்கப்பட்டது. 2006-ல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்றது, உடனே கேரளம் அதைத் தடுக்க சட்டம் கொண்டுவந்தது. 2011 டிசம்பரில் கம்பம் பள்ளத்தாக்கே தெருவுக்கு வந்து குமுளியை நோக்கி நடந்தது. லோயர் கேம்பில் பென்னிகுவிக் மணிமண்டபம் திறக்கப்பட்டது 2013 ஜனவரி 15-ல். 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு கேரளச் சட்டத்தை ரத்து செய்து 142 அடியை உறுதி செய்தது. 2022-ல் தமிழக அரசு கேம்பர்லியிலேயே அவருக்குச் சிலை வைத்தது.

தேதிகளை வரிசையாகப் பார்த்தால் புரியும்: தண்ணீர் போய்விடுமோ என்ற பயம் கூடக் கூட அவருக்கான மரியாதையும் கல்லாகவும் மண்டபமாகவும் கூடியிருக்கிறது. அது தப்பு இல்லை. ஆனால் மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கியில், அணைக்குக் கீழே குடியிருப்பவர்களுக்கும் பயம் இருக்கிறது. ஒரு பக்கம் சாமியாகிவிட்ட மனிதர், மறுபக்கத்துக்கு 130 வருஷப் பழைய கட்டுமானத்தின் இன்ஜினீயர். எந்த மட்டம் பாதுகாப்பானது என்பதை அளந்துதான் சொல்ல முடியும், பக்தியால் சொல்ல முடியாது. உச்ச நீதிமன்றமும் நிபுணர் குழுவின் அறிக்கையை வைத்துத்தான் 142 அடி என்றது.

கணக்கில் வராதவர்கள்

சொத்து விற்ற கதையில் எனக்கு உள்ள பெரிய குறை, ஆதாரம் இல்லை என்பதைவிட இன்னொன்று. அந்தக் கதையில் இழப்பு முழுக்க ஒரே ஆளுடையதாகிவிடுகிறது. கல் உடைத்தவர்கள், சுண்ணாம்பு சுமந்தவர்கள், இடுப்பளவு வெள்ளத்தில் நின்று தடுப்பு போட்டவர்கள் யாரும் அதில் வருவதில்லை. மலையேறிய கூலிகளில் பலர் இந்தப் பக்கத்து ஊர்களில் இருந்து போனவர்கள். காய்ச்சல் வரும் என்று தெரிந்தும் அடுத்த பருவத்தில் மறுபடி ஏறினார்கள், பஞ்சத்தைப் பார்த்தவர்களுக்குக் கூலி அவ்வளவு முக்கியம்.

பதிவுகளின்படி கட்டுமான காலத்தில் நோயால் இறந்தவர்கள் 483 பேர். இது கணக்கில் ஏறிய எண். காய்ச்சலோடு மலையிறங்கி வீட்டில் போய்ச் செத்தவர்கள் இதில் வருவது கஷ்டம். நாட்டார் வழக்கப்படி பார்த்தால், நீருக்காக உயிரை விட்டவர் என்ற தகுதி முதலில் இவர்களுக்குத்தான் உண்டு. கண்மாய் காக்கப் போய் மாண்ட ஒருவருக்கு நடுகல் நட்ட அதே மண் இது.

அவர்களைப் புதைத்த இடம் அணைக்குக் கொஞ்சம் வடக்கே, இப்போது கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. தேனியில் இருந்து நினைத்த நேரத்தில் போய்ப் பார்த்துவிட முடியாது, வனத்துறை அனுமதி வேண்டும். வழக்கமாக ஜூன் 1-ல் முதல் போகத்துக்குத் தேக்கடியில் ஷட்டரைத் திறக்கும்போது அதிகாரிகளும் விவசாயிகளும் பூத்தூவுவார்கள். அந்தப் பூ சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் வந்துவிடும்.